சொர்ணவல்லிக்கும் உலகநாதனுக்கும் நடுவே நின்றவர்கள்

கோர்ட்டிலிருந்து ஆள் வந்து வீட்டின் நடுவே சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டுவிட்டுப் போன மறுநாள் காலையிலிருந்து சொர்ணவல்லியின் கண்ணுக்கு உலகநாதனும் உலகநாதனின் கண்ணுக்குச் சொர்ணவல்லியும் தெரியாமல் போனார்கள். கண்ணுக்கு மட்டுமல்ல காதுக்கும் எட்டாமல் போனார்கள், ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்காது, ஒருவர் அழுதால் வீடு அமைதியாக இருப்பதாகத்தான் மற்றவருக்குத் தோன்றும். பஞ்சாலை மூடிய வருஷம், தண்ணீர் லாரி கவிழ்ந்த வருஷம் என்று எங்கள் ரயிலடித் தெருவில் காலத்தைச் சொல்வது வழக்கம். அந்த வரிசையில் இதுவும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

சொர்ணவல்லி மேலக்கரிசல் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிறவள். உலகநாதன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்து, எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டிக் கொடுக்கிறவன். கல்யாணமான ஐந்தாம் வருஷம் இருவரும் சேர்ந்து, இருவர் பேரிலும் பத்திரம் பதிந்து, அந்தப் பச்சைக் கேட் வீட்டைக் கட்டினார்கள். பூசி முடித்த சுவர்களுக்கு அவள் வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஹோஸ் பிடித்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். எந்த எலக்ட்ரீஷியனையும் உள்ளே விடாமல் அவனே ஏணியில் நின்று ஒவ்வொரு வயராக இழுத்ததையும், கீழே நின்று அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டதையும் பார்த்திருக்கிறோம். பிள்ளை இல்லை. அது அவர்களுக்குக் குறையாக இருந்ததா என்று கேட்கப் பலருக்குத் துணிச்சல் வரவில்லை, துணிந்து கேட்டவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

பிறகு சொர்ணவல்லியின் அம்மா தூத்துக்குடியில் இறந்துபோனாள். அரிசி ஆலை ஒன்றில் மோட்டார் நின்றுவிட்டது, முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்ற உலகநாதன் மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலே இரண்டு வருஷம் இருந்தாள். அவன் முதலில் மன்னிப்புக் கேட்டான், பிறகு கோபப்பட்டான், பிறகு ஓட்டலில் சாப்பிட ஆரம்பித்தான், அதற்கும் அவள் ஒன்றும் சொல்லாததால் ஒருநாள் வக்கீலைப் பார்க்கப் போனான். போன இடத்தில், அவள் ஏற்கனவே வேறொரு வக்கீலைப் பார்த்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டு வந்தான்.

விவாகரத்து சீக்கிரம் கிடைத்தது, வீடுதான் கிடைக்கவில்லை. "வீட்டை விட்டு மட்டும் காலை வெளிய வெச்சிராதீங்க, வெச்சா போச்சு" என்று அவள் வக்கீல் அவளிடமும், "வீட்டை விட்டு மட்டும் காலை வெளிய வெச்சிராதீங்க, வெச்சா போச்சு" என்று அவன் வக்கீல் அவனிடமும் சொல்லியிருந்தார்கள். அதனால் புருஷன் பெண்டாட்டி இல்லை என்று ஆனபின்பும் அவள் படுக்கை அறையிலும் அவன் முன்னறையிலுமாக அதே வீட்டில் இருந்தார்கள். சரிபாதியாகப் பிரிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கோர்ட் அனுப்பிய ஒரு கமிஷனரும் ஒரு சர்வேயரும் வந்தார்கள், டேப்பை இழுத்தார்கள், வாசற்படியின் நடுவில் ஆரம்பித்து முன்னறையைக் குறுக்கே வெட்டி, சமையலறையில் அடுப்பை ஒரு பக்கமும் தொட்டியை ஒரு பக்கமும் விட்டு, கொல்லையில் அடிபம்பின் உச்சந்தலை வழியாகப் போய் மதிலைத் தொடும்படி கோடு போட்டார்கள், காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் எழுந்த சொர்ணவல்லி முன்னறை காலியாக இருப்பதைப் பார்த்தாள். அவன் போய்விட்டான், தோற்றுப் போய்விட்டான் என்று நினைத்தாள், வெகுநாளைக்குப் பிறகு ரேடியோ வைத்தாள். அதே நேரத்தில் படுக்கை அறைக் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்த உலகநாதனும் அவள் போய்விட்டாள் என்று நினைத்தான், விசிலடித்துக்கொண்டே முகம் கழுவினான். பால் வாங்கிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய்தான் இருவரும் ஒரே சமையலறையில் ஒரு முழ இடைவெளியில் நின்றுகொண்டு, இருவருமே வீடு தனக்கே ஆகிவிட்ட சந்தோஷத்தில் சிரிப்பதைக் கண்டவள்.

"என்ன சொர்ணம், ரெண்டு பேரும் ராசியாயிட்டியளா?"

"யாரு ரெண்டு பேரு? அந்த ஆளுதான் ஓடிட்டாரே!"

"எங்க ஓடுனாரு? இந்தா, உன் தோளுக்குப் பின்னால நிக்காரே."

சொர்ணவல்லி திரும்பினாள். அங்கே தொட்டியும், தொட்டிக்கு மேலே தானாகத் திறந்து தண்ணீர் கொட்டும் குழாயும்தான் இருந்தன.

அன்று பகலுக்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. கண் டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். கோயில் பூசாரி திருநீறு கொடுத்தார், மாதா கோயிலிலிருந்து தண்ணீர் வந்தது, பள்ளிவாசலில் ஓதிய கயிறு வந்தது, இருவரும் மூன்றையும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில், புகார் யார் மேல் என்று கேட்டார்கள். வக்கீல்கள் இருவரும் சட்டப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டும் என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை, ஆகவே வழக்கு பாதிக்கப்படாது என்றார்கள். ஒருவர் எழுதிய கடிதம் மற்றவருக்கு வெள்ளைத்தாளாக இருந்தது. போன் செய்தால் எடுத்தவருக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. கல்யாணப் போட்டோவில் அவள் பக்கத்தில் ஒரு மாலை மட்டும் அந்தரத்தில் நிற்பதாக அவள் சொன்னாள், அவன் தன் பக்கத்தில் ஒரு பட்டுச்சேலை மட்டும் நிற்பதாகச் சொன்னான். வக்கீல் நோட்டீஸ் மட்டும் இருவருக்கும் ஓர் எழுத்துக் குறையாமல் தெரிந்தது.

ஒரு மாதத்தில் எங்களுக்குப் பழகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்கள் அந்த வீட்டில் மட்டும் இரண்டு வைத்தார்கள். சிலிண்டர் கொண்டுவருகிறவர் கோட்டின் மேலேயே இறக்கி வைத்துவிட்டு இரண்டு பக்கமும் பார்த்து இரண்டு முறை கையெழுத்து வாங்கிப் போனார். பிள்ளைகள் உலகநாதன்-சொர்ணவல்லி என்றே ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார்கள். தரையில் கோடு கிழித்து இருவர் நிற்க வேண்டும், மற்றவர்கள் என்ன செய்தாலும் எதிரே நிற்பவனைப் பார்க்காதது போலவே இருக்க வேண்டும், யார் முதலில் சிரிக்கிறார்களோ அவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தெருவில் எந்தப் புருஷன் பெண்டாட்டி சண்டையிலும், "எனக்கும் கண்ணு தெரியாமப் போயிரும், பாத்துக்கிடுங்க" என்று பெண்கள் மிரட்ட ஆரம்பித்தார்கள், ஆண்கள் கொஞ்சம் பயந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்குள் சொல்லியே ஆகவேண்டிய விஷயங்கள் இருக்குமல்லவா? தண்ணீர் எந்த நாளில் யார் பிடிப்பது, கேட்டை யார் பூட்டுவது, கொல்லையில் பாம்பு வந்தது. யாராவது ஒருவர் இடையில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. பாக்கியத்தாய் அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். அவள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவள். இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், ஒரே ஓர் அறை. மூத்தவனும் பெண்டாட்டியும் உள்ளே படுத்தால் இளையவனும் பெண்டாட்டியும் சமையல் மேடைக்குக் கீழே படுக்க வேண்டும், இவள் வாசலில் சாக்கு விரித்துப் படுப்பாள். அதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. பச்சைக் கேட் வீட்டைத் தினமும் சாக்கில் படுத்தபடி பார்ப்பாள், அவ்வளவுதான்.

முதலில் அவள் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாதம் ஒருநாள் வாசலில் கிடந்த சொர்ணவல்லியின் செருப்பை உலகநாதன் பார்த்தான். ஆள் தெரியாவிட்டாலும் அவள் கழற்றிப் போட்ட பொருள்கள் தெரிந்தன. இடது செருப்பு மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தது. நொண்டி நடக்கிறவர்களின் செருப்புதான் அப்படித் தேயும்.

"பாக்கியக்கா, அவ காலுக்கு என்னன்னு கேளுங்க" என்றான்.

பாக்கியத்தாய் நாலு எட்டு நடந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் சொர்ணவல்லியிடம் வந்தாள். "எப்ப காலி பண்ணுவேன்னு கேக்காரு" என்றாள்.

அது காதில் விழுந்த தப்பா, வாயில் வந்த தப்பா என்று அன்று எங்களுக்குத் தெரியாது. கேட்டுக்கு வெளியே நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம், அவன் கேட்டதும் எங்களுக்குக் கேட்டது, அவள் சொன்னதும் கேட்டது. யாராவது திருத்துவார்கள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அதற்குள் சொர்ணவல்லியின் முகம் சிவந்துவிட்டது.

"செத்தாலும் காலி பண்ண மாட்டேன்னு சொல்லுங்கக்கா."

இதை மட்டும் பாக்கியத்தாய் ஓர் எழுத்து மாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள். காலுக்கு என்ன என்று கேட்டதற்கு இப்படி ஒரு பதில் வந்ததும் உலகநாதன் கொஞ்ச நேரம் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அது வளர்ந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அவனும் அவளும் வேலை முடிந்து வந்து, பாக்கியத்தாய் கோட்டின் மேல் முக்காலியைப் போட்டு உட்கார்ந்ததும், கேட்டுக்கு வெளியே தெரு கூடிவிடும். சுண்டல் வண்டி அந்த நேரத்துக்கு அங்கே வந்து நிற்கப் பழகிக்கொண்டது. சொர்ணவல்லி ஒன்று சொல்வாள், அது அங்கே போகும்போது இன்னொன்றாகும், அவன் ஒன்று சொல்வான், அது இங்கே வரும்போது வேறொன்றாகும். வேப்பங்கிளை ஒயரில் உரசுகிறது, வெட்டச் சொல்லலாமா என்று அவன் கேட்டால், "நீ வெச்ச மரத்த வெட்டப் போறாராம்" என்று வரும். வெட்டட்டும், பார்த்து வெட்டச் சொல்லுங்கள் என்று அவள் சொன்னால், "வெட்டிப் பாருன்னு சொல்லுதா தம்பி" என்று போகும். பொய்யில் முக்கால்வாசி உண்மையாகவே இருந்ததால் அது கெட்டியாக நின்றது.

நாங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பிற்பாடு ஒருவர் கேட்டார். என்ன சொல்வது? தன் பக்கம் நிற்கிறவர்கள் என்று நம்பி, தெருவில் யார் வீட்டு மோட்டார் எரிந்தாலும் உலகநாதன் முதல் வேலையாகக் கட்டிக் கொடுத்தான், சொர்ணவல்லிக்கு வேண்டியவர்கள் என்ற பேரில் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்காமல் ரிப்போர்ட் வாங்கி வந்தோம். அவர்கள் பேசிக்கொண்டுவிட்டால் எங்களிடம் பேச வேண்டியதில்லை. இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: அந்த ஆறு மணிக்காக நாங்கள் பகல் முழுவதும் காத்திருந்தோம்.

ஐப்பசியில் உலகநாதனுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் கடையைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் அவன் தம்பி முறை ஆகிற ஒருவன் ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான், அங்கே ரத்தம் எடுத்து, குப்பியில் பேர் ஒட்டி, பரிசோதனைக்கு உள்ளே அனுப்பினார்கள். உள்ளே சொர்ணவல்லி உட்கார்ந்திருந்தாள். வரிசையாக நின்ற குப்பிகளில் ஒன்று அவளுக்குக் காலியாகத் தெரிந்தது. யார் வெறும் குப்பியை அனுப்பியது என்று எரிச்சலோடு எடுத்துப் பார்த்தாள். ஆண், நாற்பத்து நாலு, உலகநாதன் என்று ஒட்டியிருந்தது.

"ஜெசிந்தா, இதுல ரத்தம் இருக்கா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்.

"வாய் வரைக்கும் இருக்கே. என்னக்கா?"

சொர்ணவல்லி குப்பியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது என்று பிறகு ஜெசிந்தாவிடம் சொல்லியிருக்கிறாள். ஜெசிந்தாதான் அதைப் பரிசோதித்தாள். அணுக்கள் ரொம்பக் குறைவு, உடனே படுக்க வைக்க வேண்டும் என்று எழுதினாள். அவனை எந்தக் கட்டிலில் படுக்க வைத்தார்கள் என்று சொர்ணவல்லி கேட்டுத் தெரிந்துகொண்டு, மத்தியானம் அந்த வார்டுக்குப் போய், காலியாகத் தெரிந்த ஏழாம் நம்பர் கட்டிலின் பக்கத்தில், தலைகீழாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நின்றாள். போர்வை மேலும் கீழும் அசைந்தது. அது அவளுக்குத் தெரிந்தது.

அவன் வீட்டுக்கு வந்தபின் பத்து நாள் அவள் கஞ்சி வைத்தாள். நொய்யரிசியும் சிறுபயறும் போட்டு, சீரகம் தாளித்து, தூக்குவாளியில் ஊற்றி, பாக்கியத்தாயிடம் கொடுத்தாள்.

"சூடு ஆறதுக்குள்ள குடிக்கச் சொல்லுங்கக்கா. நான் கொடுத்தேன்னு சொல்லுங்க. சொல்லாட்டாலும் பரவாயில்ல."

பாக்கியத்தாய் கோட்டைத் தாண்டினாள். "குடி தம்பி. எங்க வீட்டுல வெச்சேன்" என்றாள். அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள், வாயைத் துடைத்துக்கொள்ளத் துண்டு எடுத்துக் கொடுத்தாள், பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவ ஒரு வார்த்த கேட்டா. சொல்லக்கூடாதுதான். ஏதாவது ஆயிருமுன்ன கையெழுத்த வாங்கிரணும்னு வக்கீல்கிட்டப் பேசுதா."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஜன்னல் திறந்திருந்தது. வெளியே நாங்கள் இருந்தோம்.

அப்படியும், நோயிலிருந்து எழுந்த மனிதர்களுக்கு வரும் ஒரு தெளிவு அவனுக்கு வந்தது. அவள் கேட்டது உண்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் என்ன என்று நினைத்தான் போலிருக்கிறது. முதலில் வக்கீலிடம் போய்ச் சொல்லிப் பார்த்தான். "இப்ப விட்டுக்கொடுக்கதுக்கா இத்தன நாளு நடந்தீங்க?" என்று அவர் சிரித்து, வேறு வழக்குக் கட்டைப் பிரித்தார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாக்கியத்தாயைக் கூப்பிட்டான். தெருவே வீட்டில் இருந்த நேரம்.

"அக்கா, அவகிட்ட இத அப்படியே சொல்லுங்க. வீடு அவளுக்கே இருக்கட்டும். பாதியும் வேண்டாம், கோடும் வேண்டாம். எங்க வேணுமோ கையெழுத்துப் போடுதேன். நான் கடையிலேயே படுத்துக்கிடுதேன். அம்மா செத்தப்ப நான் வராதது தப்புத்தான், அதையும் சொல்லுங்க."

 பாக்கியத்தாய் எழுந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தாள். சொர்ணவல்லி கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். நாங்களும் சுற்றிக்கொண்டு மதிலுக்கு வெளியே வந்து நின்றோம்.

"கோட்டு மேல சுவர் வைக்கப் போறாராம் சொர்ணம். கொத்தனாருக்குச் சொல்லியாச்சாம். அடிபம்பு அவரு பக்கம் போயிருமாம்."

ஈரத்துணி அவள் கையிலிருந்து கல்லில் விழுந்த சத்தம் கேட்டது.

எங்களில் ஒருவன் மட்டும் அந்தப் பழக்கத்துக்கு ஆளாகாதவன். எட்வின் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இரண்டு நாள் தெருவில் இருந்தால் அதிகம், ஆறு மணிக் கூட்டத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. அன்று லாரியைக் கழுவிக்கொண்டிருந்தவன் ஜன்னல் வழியே உலகநாதன் சொன்னதையும் மதில் வழியே பாக்கியத்தாய் சொன்னதையும் கேட்டுவிட்டு, எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான், காறித் துப்பினான், மறுநாள் காலை சொர்ணவல்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கேட்டருகே நிறுத்தினான்.

"மைனி, அண்ணாச்சி சுவர் வைக்கப் போறேன்னு சொல்லல. வீடு உங்களுக்கே இருக்கட்டும்னாரு. கடையில படுத்துக்கிடுதேன்னாரு. நான் என் காதால கேட்டேன்."

 எட்வின் பொய் சொல்கிறவன் இல்லை என்று சொர்ணவல்லிக்குத் தெரியும்.

"அவரா? அவரு அப்படிச் சொல்லுற ஆளில்ல எட்வின்."

"சத்தியமா சொன்னாரு மைனி. உங்க அம்மா சாவுக்கு வராதது தப்புன்னும் சொன்னாரு."

அந்த இடத்தில் அவள் முகம் ஒரு கணம் இளகியதை எட்வின் பார்த்திருக்கிறான். பிறகு அது மூடிக்கொண்டது. "எங்க அம்மாவ வேற இதுக்குள்ள இழுக்கச் சொல்லிக் குடுத்திருக்காரா வக்கீலு. நீ நல்லவன். உன்ன நம்புவேன்னு தெரிஞ்சு உன்ன அனுப்பியிருக்காவ. சுவர் வைச்ச வீட்டுல எனக்கு என்ன இருக்கு? வித்துரலாம்னு போய்ச் சொல்லு."

எட்வின் போய்ச் சொன்னான். அவன் போடும் பிச்சை வேண்டாம் என்று சொர்ணவல்லி சொல்லியனுப்பியதாக அதற்குள் பாக்கியத்தாய் உலகநாதனிடம் சொல்லியிருந்தாள். உலகநாதன் எட்வினின் தோளில் தட்டி, "விடுடா, நீ பாவம் எதுக்கு அலையுத" என்றான். விற்பதற்கும் சரி என்று சொல்லிவிட்டான்.

வாங்குகிறவர் யார் என்பது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. பாக்கியத்தாயின் மூத்த மகன் பேரில் லோன் பாஸாகி வந்தது. கோடு போட்ட வீட்டை, ஒருவரையொருவர் காணாத இருவர் இருந்த வீட்டை வெளியாட்கள் யார் வாங்குவார்கள்?

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவு. தெருவிலிருந்து ஒரு வேன் பிடித்துப் போனோம். சாட்சிக் கையெழுத்துக்கு எட்வினைக் கேட்டார்கள், லோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான், அதனால் அதை நானே போட்டேன். பதிவாளர் மேஜைக்கு முன்னால் சொர்ணவல்லியும் உலகநாதனும் தோளோடு தோள் நின்றார்கள். அவன் விரலை வைத்து எடுத்தான், அவள் விரலை வைத்தாள். முத்திரை விழுந்தது. வீடு அவர்களுடையது இல்லை என்று ஆனது.

சொர்ணவல்லிக்கு முதலில் ஒரு கைதான் தெரிந்தது. தன் கைக்குப் பக்கத்தில் மேஜை விளிம்பைப் பிடித்திருந்த கை, நகக்கணுக்களில் வார்னிஷ் கறை. பிறகு முழங்கை, பிறகு பாதியாக இளைத்துப்போன ஒரு மனிதன். உலகநாதனுக்கு அவள் காதோரம் முழுக்க நரைத்திருந்தது முதலில் தெரிந்தது. இருவரும் கத்தவில்லை. அடுத்த பத்திரத்துக்கு ஆட்கள் காத்திருந்ததால் தள்ளி நில்லுங்கள் என்றார்கள், இருவரும் தாழ்வாரத்துக்கு வந்து ஸ்டாம்ப் விற்கிறவரின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"காய்ச்ச நல்லாயிருச்சா?" என்றாள் அவள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன கேள்வி இது? பத்து நாளு கஞ்சி வெச்சுக் குடுத்தனே."

அவன் அவளையே பார்த்தான். "பாக்கியக்கா வெச்ச கஞ்சியா?"

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வேப்பங்கிளை வந்தது, வக்கீலிடம் கையெழுத்துக்குப் பேசியது வந்தது, சுவர் வந்தது, கொத்தனார் வந்தார். ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் இல்லை என்று தலையை ஆட்டினார், பதினாலு மாதமும் பத்து நிமிஷத்தில் வெளியே வந்து அந்தத் தாழ்வாரத்தில் கிடந்தது. பாக்கியத்தாய் லட்டு டப்பாவோடு படியில் நின்றாள். ஓடிவிடுவாள் என்று நாங்கள் நினைத்தோம். அவள் ஓடவில்லை. டப்பாவை மருமகள் கையில் கொடுத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"ஆமா, மாத்தித்தான் சொன்னேன். மொத நாளே மாட்டிக்கிடுவேன்னு நெனச்சேன். இவ உடனே நம்பினா. நீயும் உடனே நம்பின. நான் எத்தனையோ நாளு காத்துக்கிட்டு இருந்தேன் தம்பி, இன்னைக்காவது ஒருத்தரு, 'அவரு அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரே'ன்னு, 'அவ அப்படிக் கேட்டிருக்க மாட்டாளே'ன்னு ஒரு வார்த்த சொல்லிருவியன்னு. சொல்லியிருந்தா அன்னைக்கே வாய மூடியிருப்பேன். ஒரு தடவ சொன்னியளா?"

சொர்ணவல்லி வாயைத் திறந்தாள். எட்வின் வந்து நின்ற காலை நேரம் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும், திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். உலகநாதன் எங்கள் பக்கம் திரும்பினான்.

"நீங்கள்லாம் கேட்டுக்கிட்டுத்தான இருந்திய?"

நாங்கள் வேன் நின்ற பக்கம் பார்த்தோம். அவன் யாருக்கெல்லாம் மோட்டார் கட்டிக் கொடுத்திருந்தானோ அவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தோம். பத்திரம் எழுதுகிறவர் மட்டும், பதிந்தது பதிந்ததுதான், வாங்கினவர்கள் சம்மதிக்காமல் ஒன்றும் செய்ய முடியாது என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

 இப்போது இருவருக்கும் நடுவே தடையாக எதுவும் இல்லை, என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் இனி பேசுவதற்கு, பாக்கியத்தாய் சொன்னது ஒன்றுதான் மிச்சமிருந்தது, அதை இருவருமே தொடவில்லை.

"எங்க போற?" என்றான் அவன்.

"தங்கச்சி வீட்டுக்கு. கோவில்பட்டி."

"பஸ் ஏத்தி விடட்டா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான், பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"வேண்டாம்" என்றாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி, இடது காலைச் சற்றே இழுத்து வைத்து வெயிலில் நடந்தாள். அவன் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். நீளமான சாலை அது, வளைவு வரை மரம் கிடையாது, ஆள் மறையவே மாட்டார்கள். பழக்கடையைத் தாண்டினாள், வங்கியைத் தாண்டினாள், பெட்ரோல் பங்கைத் தாண்டினாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவன் தெரிந்திருப்பான்.